எட்டுக்கு முன்னால் ஒரு கோடு

பழைய மோட்டார் சைக்கிளின் சஸ்பென்ஷனைச் சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும். நிறையப் பேர் ஒற்றை ஆளாகச் செய்யப் பார்த்துச் சொதப்புகிறார்கள். ஒருவர் வண்டியில் ஏறி, சுவரில் விரலை லேசாக ஊன்றிக்கொண்டு, முழு எடையையும் சீட்டில் போட்டு உட்கார வேண்டும். இன்னொருவர் கீழே உட்கார்ந்து, பின்சக்கரத்தின் அச்சிலிருந்து சீட்டுக்கு அடியில் போட்ட சாக்பீஸ் கோடு வரை டேப் பிடிக்க வேண்டும். ஆள் ஏறாதபோது எவ்வளவு, ஏறிய பிறகு எவ்வளவு. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. கூடினால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், குறைந்தால் தளர்த்த வேண்டும்.

எங்கள் வீட்டில் ஏறி உட்காருவது அண்ணன். அளப்பது நான்.

எனக்குப் பதினேழு வயது. அண்ணன் என்னைவிட ஒன்பது வருஷம் மூத்தவன். அவனும் அம்மாவும் இப்போதுதான் தூங்கினார்கள். நடுவில் இருப்பது ஒரு துணித் திரை மட்டும். அதனால் மெதுவாகத்தான் சொல்ல முடியும். வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகக் கேட்டால் யாருக்கும் புரியும் என்று நினைக்கிறேன்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிப்ட் நடுவழியில் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் அவனுக்கு ஒரு புது வேலை கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம், நானூறு கிலோமீட்டர் தள்ளி, காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை. ஒரு காற்றாலைக்கும் அடுத்ததற்கும் நடுவே மண் ரோடுதான், பஸ் கிடையாது, சொந்தமாக வண்டி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சேருவதற்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள்.

அதற்காகத்தான் அந்த வண்டியை வாங்கினான். அதற்கு என்னைவிட வயது அதிகம். ஒரு போட்டோகிராபர் வீட்டு ஷெட்டில், கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு பத்து வருஷமாக நின்றது. என்ஜின் இரண்டாவது நாளே பேசிவிட்டது. ஆனால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க்கில் ஆயில் கசிந்தது. பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பரும் செத்துப்போயிருந்தன. ஒரு குழியில் இறங்கினால் நிற்பதற்குள் மூன்று தடவை குதிக்கும்.

"இதுல மலையேறுனா போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு இடுப்பு கழண்டுடும்," என்றான் அண்ணன்.

"உனக்கு இடுப்பு எங்கடா இருக்கு, தேடித்தான் கண்டுபிடிக்கணும்," என்றாள் அம்மா.

அம்மா அப்படித்தான், யாரையும் விடமாட்டாள். அவளுக்கு வலிப்பு வரும். மாதத்துக்கு ஒன்று, சில மாதம் மூன்று. மாத்திரை சாப்பிடுகிறாள், சாப்பிட்டாலும் வரும். வந்தால் நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. கீழே ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி எதையாவது கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே குரலில், "சரிம்மா, இதோ முடியப்போகுது, இதோ" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் இதையெல்லாம் செய்வான்.

எனக்குப் பதினாலு வயது இருக்கும்போது, அவன் வீட்டில் இல்லாத ஒருநாள் அவளுக்கு வலிப்பு வந்தது. அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே ஓடினேன். எதிர்வீட்டு மாடிப்படிக்கு அடியில் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அண்ணன் வேலையிலிருந்து வந்து உள்ளே போனதும், உள்ளே அவன் குரல் கேட்டதும், அங்கிருந்தே பார்த்தேன், கேட்டேன். அம்மாவின் இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இன்றைக்கும் தோல் வேறு நிறம்.

பிறகு படிக்கு அடியில் என்னைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். ஆனால் "குட்டி கடைக்குப் போயிருந்தா," என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். அம்மாவிடமும் அதையேதான் சொன்னான். அம்மா நம்பினாள். அதனால்தான் புது வேலை பற்றிப் பேச்சு வந்தபோது அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"நீ கெளம்பு ராசா. எனக்குக் குட்டி இருக்கா, அப்புறம் என்ன," என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு என்னைத் தனியாகக் கூட்டிப் போய் ஒரு தலையணையைத் தரையில் போட்டு, எப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டினான். நீ இப்போது சின்னப் பெண் இல்லை, உன்னால் முடியும் என்றான். நான் தலையணையைச் சரியாகத் திருப்பினேன். தலையணை கண்ணைச் செருகாது, நுரை தள்ளாது. அதை அவனிடம் சொல்லவில்லை.

வண்டி வேலை இரண்டு மாதம் நடந்தது. முன்போர்க்கைக் கழற்றி, பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் போட்டோம். சீல் மாற்றினோம். இரண்டு பக்கமும் ஒரு சொட்டு கூடக் குறைய இல்லாமல் ஆயில் ஊற்ற, இருமல் மருந்துக் குப்பியில் கோடு போட்டு நான்தான் அளந்து கொடுத்தேன். பின்னால் போட ஒரு பெரிய வண்டியில் இருந்து கழற்றிய ஷாக் ஜோடி ஒன்று கிடைத்தது. அதைப் பொருத்துவதற்குத் தெருமுனை ஒர்க்‌ஷாப்காரர் உதவினார். அவர் பெயர் சுருட்டை. தலையில் ஒரு முடி கிடையாது. முடி போன பிறகும் பெயர் போகவில்லை.

அந்த ஷாக்கின் அடியில் ஒரு திருகு இருக்கும். ஸ்பிரிங் அமுங்கிய பிறகு சட்டென்று எகிறி வராமல், அதைப் பிடித்து மெதுவாக விடுகிற வேலை அந்தத் திருகுக்கு. இறுக்கினால் மெதுவாக வரும், தளர்த்தினால் துள்ளும். ஒவ்வொரு திருப்புக்கும் 'கிளிக்' என்று ஒரு சத்தம். கண்ணால் பார்த்தால் எதிலே நிற்கிறது என்று தெரியாது. முழுசாக இறுக்கிவிட்டு, அங்கிருந்து எத்தனை கிளிக் தளர்த்தினோம் என்று எண்ணி எழுதி வைத்தால்தான் உண்டு. அண்ணன் ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் எழுதினான். தேதி, ஆள் ஏறினால் எத்தனை சென்டிமீட்டர், இடது எத்தனை கிளிக், வலது எத்தனை கிளிக். கடைசியில் இரண்டு பக்கமும் எட்டு என்று வந்து நின்றது.

அன்று பாலம் வரை போய்விட்டு வந்தான். எங்கள் வீட்டிலிருந்து பாலம் மூன்று கிலோமீட்டர். வண்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அங்கே வரை போய்த் திரும்புவான். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"குழியில எறங்குனதே தெரியல குட்டி. தொட்டில்ல போற மாதிரி இருக்கு. மாசக் கடைசியில கெளம்பிடலாம்."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா உள்ளே படுத்திருந்தாள். வண்டி பின்கட்டில் துணி காயப்போடுகிற கம்பிக்கு அடியில் நின்றது. நான் இரண்டு திருகையும் தளர்த்தினேன், பத்துப் பத்து கிளிக். பிறகு நோட்டை எடுத்து, எட்டுக்கு முன்னால் ஒரு கோடு போட்டேன். அவன் பென்சில்தான். இரண்டு எட்டு, இரண்டு கோடு. பதினெட்டு, பதினெட்டு. ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கூடக் கிடைத்தால் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலம் வரை போய்விட்டு வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான்.

"துள்ளுதுடி," என்றான்.

திருகை எண்ணிப் பார்த்தான். பதினெட்டு. நோட்டைப் பார்த்தான். பதினெட்டு.

"நான் எட்டுல்ல வெச்சேன்?"

"பதினெட்டுன்னுதானண்ணா சொன்ன. நான்தான பக்கத்துல இருந்தேன்."

"அப்படியா சொன்னேன்?"

"ஆமா."

அவன் அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தான். அவன் கையெழுத்துதான். அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

அதற்குப் பிறகு இது ஒரு வழக்கம் போல ஆகிவிட்டது. அவன் ஞாயிற்றுக்கிழமை சரி செய்வான். நான் வாரத்துக்குள் ஒருநாள் மாற்றுவேன். சில சமயம் திருகு, சில சமயம் ஸ்பிரிங்கை இறுக்குகிற வளையம், ஒரு பல் மட்டும். எல்லா வாரமும் செய்யவில்லை. எல்லா வாரமும் செய்தால் வண்டி மேல் சந்தேகம் வரும். விட்டுவிட்டுச் செய்தால் ஆளுக்குத் தன் மேல் சந்தேகம் வரும். இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போகப் போகத் தெரிந்தது.

மாசக் கடைசி போனது. அடுத்த மாசக் கடைசியும் போனது. காற்றாலைக்காரர்களுக்குப் போன் செய்து இன்னும் கொஞ்சம் நாள் கேட்டான். அந்தப் பக்கம் இருந்தவர் நல்லவர், கொடுத்தார். அந்த இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு நான்கு முறை வந்தது. நான்கு முறையும் அண்ணன் இருந்தான். நான் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆனான். லிப்ட் கயிற்றைச் சோதித்துவிட்டுக் கீழே வந்த பிறகு, சோதித்தோமா என்று மறுபடி ஏறிப் போவான் என்று அவனோடு வேலை செய்பவர் வந்து அம்மாவிடம் சொன்னார். வீட்டிலும் கேட்பான்.

"குட்டி, நான் கேஸை மூடுனேனா?"

"மூடலண்ணா. நான்தான் மூடுனேன்."

அவன்தான் மூடியிருந்தான். அப்படி நான் சொன்னது ஒரு முறைதான். இரண்டு முறை.

வண்டி ஒருவேளை உண்மையிலேயே கெட்டுப்போயிருக்குமோ என்று சுருட்டையைக் கூப்பிட்டான். அவர் ஞாயிறு காலை வருவதாகச் சொன்னது எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் எட்டில் வைத்தேன், நோட்டையும் அழித்துச் சரிசெய்தேன். சுருட்டை பாலத்துக்கும் அப்பால் போய், அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்தார்.

"ஏம்ப்பா, வண்டி வெண்ணெய்ல கத்தி எறங்குற மாதிரி போகுது. இதையா கொறை சொன்ன? என் தலையில முடி மொளைச்சிருக்குன்னு சொல்லு, நம்புறேன். இந்த வண்டில கோளாறுன்னு சொல்லாத."

"எனக்கு மட்டும் ஆடுதுண்ணே."

"அப்ப ஆடுறது வண்டி இல்ல தம்பி."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அண்ணனும் சிரித்தான். உடம்பு ஆடுவதற்குக் காதுதான் காரணமாக இருக்கும் என்று, மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போனான். நானும் கூடப் போனேன். சுழலும் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார்கள். காதில் வெந்நீர் விட்டுப் பார்த்தார்கள். காது நன்றாக இருக்கிறது என்று சொன்ன டாக்டர், வீட்டைப் பற்றிக் கேட்டார், அம்மாவைப் பற்றிக் கேட்டார், புது வேலையைப் பற்றிக் கேட்டார். பேனாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வீட்டை விட்டுப் போறதுல உங்களுக்குப் பயம் இருக்கு. அதை உங்க உடம்பு ஆட்டமாக் காட்டுது. அடுத்த தடவை ஆடுற மாதிரி இருந்தா நம்பாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விட்டுட்டு, போய்க்கிட்டே இருங்க. தானா நின்னுடும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் என் தோளைத் தட்டி, "பயம்தானாம்டி. வேற ஒண்ணும் இல்லையாம்," என்றான். பாரம் இறங்கின மாதிரி இருந்தது அவனுக்கு. டாக்டர் சொன்னதில் பாதி உண்மை என்பதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். வீட்டில் ஒருவருக்குப் பயம் இருந்தது.

அந்த வாரமே கிளம்ப முடிவு செய்துவிட்டான். புதன்கிழமை இரவு கடைசியாக இரண்டு பேரும் சேர்ந்து அளந்தோம். பெட்டியும் பையும் கட்டினால் பின்பக்கம் அதிகமாக அமுங்கும் என்று ஸ்பிரிங்கை இரண்டு பல் இறுக்கினான். திருகை என்னையே எண்ணச் சொன்னான். தன் எண்ணிக்கை மேல் தனக்கு நம்பிக்கை இல்லை என்றான். நான் எண்ணினேன். இரண்டு பக்கமும் எட்டு. அது உண்மைதான்.

வியாழக்கிழமை காலை அவன் குளித்துக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே அவன் பையில் எதையோ திணித்துக்கொண்டிருந்தாள். நான் பின்கட்டுக்குப் போய் வலது பக்கத் திருகை முழுசாகத் தளர்த்தினேன். வலது பக்கம் மட்டும். ஒரு பக்கம் பிடித்து, ஒரு பக்கம் விட்டால், நேர் ரோட்டில் அவ்வளவாகத் தெரியாது. வளைவில் பின்சக்கரம் தனியாக எங்கோ போகிற மாதிரி இருக்கும். பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே அவனுக்குத் தெரிந்துவிடும். எப்போதும் அங்கேதான் திரும்புவான். எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவான்.

ஏழரைக்குக் கிளம்பினான். அம்மா வாசலில் நின்று, தெருமுனை தாண்டும் வரை கையை ஆட்டினாள். நான் உள்ளே போய் மூன்று பேருக்குச் சமைத்தேன்.

எட்டரைக்கும் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. பத்து மணிக்குப் போன் வந்தது. மலையடிவாரத்துக் கடையில் நிற்பதாகச் சொன்னான்.

"சாப்டியா குட்டி?"

"இன்னும் இல்ல."

"ஆடுற மாதிரியேதான்டி இருக்கு. வளைவுல பின்னாடி தனியா வருது. ஆனா நான் கண்டுக்கவே இல்ல. பாலத்துல திரும்பலாம்னு கை வந்துச்சு. திரும்பல பாரு."

அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. சின்னப் பையன் நீச்சல் கற்றுக்கொண்டு வந்து சொல்வது போல இருந்தது.

"நீதான நேத்து எண்ணுன? சரியாத்தான இருந்துச்சு?" என்று கேட்டான்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் இதைத்தான் அதிகம் யோசித்திருக்கிறேன். அப்போது வலது பக்கத் திருகைப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் குனிந்து சரிசெய்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் யார் திருப்பியது என்று யோசித்திருப்பான். அதிலிருந்து நோட்டுக்குப் போயிருப்பான், கேஸுக்குப் போயிருப்பான், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த நாளுக்குப் போயிருப்பான். பிறகு வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கவே மாட்டான். அவன் என்னை வெறுத்தபடி அவ்வளவு தூரத்தில் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எட்டுதான்ணா. ரெண்டு பக்கமும். உனக்கு அப்படித் தோணுது."

"தோணிட்டுப் போகுது போ," என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

மலையேறும்போது ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் இறங்கும்போது நான்காவது வளைவில் விழுந்தான். பின்னால் வந்த லாரி டிரைவர் ஆஸ்பத்திரி வரை கூடவே வந்திருந்தார். அவர் என்னிடமும் அம்மாவிடமும் சொன்னார்.

"வேகமாவே போகலம்மா. வண்டி பின்னாடி அப்படியும் இப்படியும் ஆட்டுது, நான் ஆரன் அடிக்கிறேன். தம்பி பிரேக்கே போடல. நிமுந்து உக்காந்து, பெருசா மூச்சு விட்டுக்கிட்டு, அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு."

முதுகெலும்பில் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கழுத்திலும் ஒரு விரிசல். ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான், இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

வண்டியைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். சுருட்டையையும் கூப்பிட்டார்கள். வலது பக்க ஷாக் இரண்டாக முறிந்திருந்தது, அடியில் இருந்த திருகைக் காணவே இல்லை. எதையும் சொல்ல முடியாது என்று எழுதிக்கொண்டு போனார்கள். சுருட்டை எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதார். நான் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தானே நல்லா இருக்கு என்று சொன்னேன், அந்தப் பையன் அப்பவே சொன்னான், நான் கிண்டல் பண்ணினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "உங்க மேல தப்பு இல்ல மாமா," என்றேன். அதைக் கேட்டு இன்னும் அழுதார். இப்போது அவர் யார் வண்டியிலும் ஷாக் வேலை எடுப்பதில்லை, பஞ்சர் மட்டும்தான் பார்க்கிறார். வாரம் தவறாமல் ஆரஞ்சுப் பழம் கொண்டு வருகிறார். நான் உரித்து அண்ணனுக்கு ஊட்டுகிறேன்.

அண்ணன் கட்டில் முன்னறையில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். பகலில் அம்மாவும் நானும், இரவில் நான் மட்டும். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இதுவரை அவனுக்கு ஒரு புண்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வருகிற நர்ஸ் இப்படி ஒரு தங்கச்சி கிடைக்க வேண்டுமே என்று சொன்னார்.

அவன் ஒரே ஒரு முறைதான் கேட்டான்.

"வண்டில ஏதாவது இருந்துச்சா குட்டி?"

"ஒண்ணும் இல்லண்ணா. அதிகாரியே எழுதிட்டுப் போனாரு."

"அப்ப எனக்குத்தான்," என்றான். அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சே இல்லை.

அவன் வந்த பிறகு அம்மாவுக்கு மூன்று முறை வந்தது. மூன்று முறையும் நான்தான் பார்த்தேன். முதல் தடவை என் கால் வாசல் பக்கம்தான் போனது. அப்போது கட்டிலில் இருந்து, மேலே பார்த்தபடியே, "ஒருக்களிச்சுத் திருப்பு. தலைக்குத் துண்டு வை. இப்ப மணியைப் பாரு, எவ்வளவுன்னு சொல்லு," என்று அண்ணன் சொன்னான். நான் திரும்பி வந்தேன். திருப்பினேன். துண்டு வைத்தேன். மணி சொன்னேன். அந்தக் குரல் வீட்டுக்குள் இருந்தால் என்னால் எல்லாம் முடிகிறது. அது இல்லாத வீட்டை நினைத்தால் மட்டும்தான் எனக்கு இன்னும் பயம்.

பயிற்சி கொடுக்கிற ஒரு அக்கா பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறார். அண்ணன் கால்களை மடக்கி நீட்டுவார். வேறு ஊரில் ஒரு இடம் இருக்கிறதாம், முதுகில் அடிபட்டவர்களை எழுப்பி நடக்க வைக்கிற இடம். ஆறு மாதம், எட்டு மாதம் அங்கேயே தங்க வேண்டும். எல்லோரையும் எடுக்கமாட்டார்கள். காலில் எங்காவது, ஒரு விரலாவது, தானாக அசைந்தால் எடுப்பார்கள். அசைவு தெரிந்த உடனே கொண்டுபோக வேண்டும், தள்ளிப்போட்டால் பிறகு பிரயோஜனம் இல்லை என்றார்.

"நீதாம்மா கூடவே இருக்க. கொஞ்சம் பாத்துக்கிட்டே இரு," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் கழுத்தில் பட்டை இருக்கிறது. அவனால் தன் காலைப் பார்க்க முடியாது.

இன்றைக்குச் சாயங்காலம் நான் அவன் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவன் திடீரென்று பேசுவதை நிறுத்தினான்.

"குட்டி. வலது கால் பெருவிரல் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. மறுபடி பண்றேன். பாரு."

பார்த்தேன். அசைந்தது. நகம் பக்கம் மட்டும், கொஞ்சமாக, மேலே போய்க் கீழே வந்தது. பிறகு இன்னொரு தடவை. முதல் தடவையைவிட நன்றாக.

"இல்லண்ணா," என்றேன். "உனக்கு அப்படித் தோணுது."

"அதானே," என்றான். பிறகு அசைத்துப் பார்க்கவில்லை.

நாளைக்கு அந்த அக்கா வருகிற நாள். ராத்திரி பனி அதிகமாக இருக்கிறது, கால் சில்லிட்டுப் போனால் அவனுக்கு ஆகாது. அதனால் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டு, அவிழாதபடி கட்டிவிட்டிருக்கிறேன்.